இடைக்காட்டூர் கோயிலைக் கட்டிய மண்

இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோயிலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராகப் பிரான்சுக்குப் போய்விடுகிறது. ரெய்ம்ஸ் நகரத்துப் பெரிய கோயிலின் சாயலில் கட்டியது, பிரெஞ்சுச் சாமியார் கட்டியது, 1894-ல் கட்டியது. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் செங்கல் காளவாசல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அந்தக் கோயிலைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மண்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று வந்து முத்தனேந்தலில் பிரிய வேண்டும். மொத்தம் 36 கிலோமீட்டர் இருக்கும். வைகைக் கரை ஊர். கண்மாய், கருவேலங்காடு, பனை, தென்னை, ஓட்டு வீடுகள். அதற்கு நடுவே கூர்மையான வளைவுகளும் சின்னச் சின்னக் கோபுர முனைகளுமாக அந்தக் கோயில் நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். ரெய்ம்ஸோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்னக் கோயில். ஒரு கிராமத்துப் பங்குக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான்.

கட்டியவர் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுச் சேசு சபைக் குரு. அவர் எப்படி இந்தப் பக்கம் வந்தார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காலத்திலிருந்து சேசு சபைக்கு இங்கே வேர் உண்டு. அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்ததும் இதே மதுரை மிஷன் கதைதான். 1773-ல் ரோமாபுரி அந்தச் சபையையே கலைத்துவிட்டது. பிறகு சபை மறுபடி உயிர்பெற்று, 1838-ல் நான்கு பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களிலும் அடுத்தடுத்து வந்தவர்களிலும் பலரைக் காலராவும் காய்ச்சலும் சில வருடங்களிலேயே கொண்டுபோயின. அந்த வரிசையில் பிற்பாடு வந்தவர்தான் செல்.

கோயிலுக்குத் திருஇருதயத்தின் பெயர் வந்ததிலும் அந்தக் காலத்துச் சாயல் இருக்கிறது. திருஇருதய பக்தி பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பிரஷ்யாவிடம் போரில் தோற்ற பிறகு, அந்த நாடே அதைப் பிடித்துக்கொண்டது. பாரிசில் மோன்மார்த்ர் குன்றின் மேல் 1875-ல் திருஇருதயக் கோயிலுக்கு அடிக்கல் போட்டார்கள். கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் சேசு சபையார் 1895-ல் தொடங்கிய கல்லூரிக்கும் அதே பெயர். ஒரு நாட்டின் துக்கத்தில் வளர்ந்த பக்தி இன்னொரு நாட்டில் வைகைக் கரைக் கிராமத்தில் கோயிலாக நிற்கிறது. பிரான்சில் ஒரு பெண் நேர்ந்துகொண்டு அனுப்பிய பணத்தில் கட்டியது என்று ஊரில் ஒரு கதையும் சொல்வார்கள்.

சரி, மண்ணுக்கு வருகிறேன்.

ரெய்ம்ஸ் கோயிலை 1211-ல் கட்ட ஆரம்பித்தார்கள். அது சுண்ணாம்புக் கல்லால் ஆனது. கல்தச்சர் உளியால் செதுக்கி, சாரத்தில் ஏற்றி, பொருந்தவில்லை என்றால் இறக்கி இன்னும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கழித்து மறுபடி ஏற்றலாம். நம் கோயில் தச்சர்களும் அப்படித்தான் செய்தார்கள். கல் பொறுமையானது, செதுக்கச் செதுக்க இடம் கொடுக்கும். இடைக்காட்டூரில் அந்த வடிவத்தை எல்லாம் சுட்ட மண்ணில் செய்திருக்கிறார்கள். சுட்ட மண் அப்படி இடம் கொடுக்காது. சூளைக்குள் போவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு திருத்தம் கிடையாது. லேசாகத் தேய்க்கலாம், அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று காளவாசல் பக்கம் வளராதவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீட்டில் அறுத்தது சாதாரணச் செங்கல். கண்மாய் மண்ணை வெட்டி வந்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மிதித்துக் குழைப்பார்கள். அதிலேயே பாதி வேலை. சுக்காங்கல் என்கிற சுண்ணாம்புக் கட்டி ஒன்று உள்ளே தங்கிவிட்டால், சூளையில் வெந்து நீறாகி, பிறகு மழை பட்டதும் பூத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால் மிதிக்கும்போதே காலுக்குத் தட்டுப்படுவதைப் பொறுக்கி எறிய வேண்டும். அப்புறம் மரஅச்சில் மணல் தூவி, மண்ணை ஓங்கி அடித்து, மேலே வழித்து, அச்சைத் தூக்கினால் பச்சைக்கல். ஒன்பது அங்குலக் கல் வேண்டுமென்றால் அச்சு பத்து அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காயும்போது ஒரு சுருக்கம், வேகும்போது இன்னொரு சுருக்கம். நீளம், அகலம், கனம் மூன்றிலும் சுருங்கும். எந்தக் கண்மாய் மண் எவ்வளவு சுருங்கும் என்பது அந்த மண்ணோடு புழங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒரே கண்மாயில் கிழக்கு மடைப் பக்கத்து மண்ணும் மேற்குக் கரை மண்ணும் ஒரே மாதிரி சுருங்காது.

சாதாரணக் கல்லில் இந்தச் சுருக்கம் ஒரு நூல் கூடக்குறைய ஆனால் கொத்தனார் கலவையில் சரிக்கட்டிவிடுவார். வளைவுக்குப் போடுகிற கல் அப்படி இல்லை. அது ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்க வேண்டும். கல்லுக்குக் கல் அரை நூல் தப்பினால், இருபது கல் சேரும்போது அது விரற்கடையாகிவிடும், உச்சியில் கடைசிக் கல் உட்காராது. இடைக்காட்டூரில் இருப்பதோ வெறும் ஆப்புக் கற்கள் மட்டும் இல்லை. தூணோடு ஒட்டின மெல்லிய தண்டுகள், அவற்றின் தலையில் இலை மடிப்புகள், வளைவின் ஓரத்தில் உள்ளே ஒரு குழிவும் வெளியே ஒரு புடைப்புமாக ஓடும் வரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. இருநூறு வகை அச்சுக்கற்கள் என்று சொல்வார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கல்லில் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் இருந்தால் மெலிந்த பக்கம் முதலில் காய்ந்துவிடும், கனத்த பக்கம் பின்னால் இழுக்கும், கல் முறுக்கிக்கொள்ளும். அதனால் நிழலில், காற்று நேராகப் படாமல், ஈரச்சாக்கு மூடி, மெதுவாக உலர்த்த வேண்டும். அது முடிந்து சூளைக்குப் போனால், வாய்ப்பக்கத்துக் கல் ஒரு நிறம், நடுவில் இருப்பது ஒரு நிறம், ஓரத்தில் இருப்பது அரைவேக்காடு. ஒரே வளைவுக்கு வேண்டிய கற்கள் எல்லாம் ஒரே பதத்தில் வெந்து வர வேண்டுமென்றால், ஒன்றுக்கு ரெண்டாக அறுத்து வைத்துக்கொள்ளாமல் முடியாது.

அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனது அவர் காளவாசலை மூடிய பிறகுதான். தொழில் இருந்த காலத்தில் அவருக்கு எங்கே நேரம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், பக்கச் சுவர் ஓரமாக நடந்தார். கை எட்டும் உயரத்தில் ஒரு சன்னல் வளைவு தொடங்கும் இடம். அங்கே நின்று, கட்டை விரல் நகத்தை ஒரு கல்லின் புடைப்பில் வைத்து மெதுவாக மேலே ஓட்டினார். இணைப்பு வரும் இடத்தில் நகம் தட்டும் என்று எதிர்பார்த்திருப்பார். அடுத்த கல்லுக்கு நகம் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கடுத்த கல்லுக்கும் அப்படியே. இணைப்பில் கலவை நூல் கனம்தான் தெரிந்தது. பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தார். நன்றாக வெந்த கல் கணீரென்று சொல்லும், வேகாத கல் மொத்தென்று சொல்லும். இதைக் கேட்டுத்தான் அவர் ஆயுள் முழுக்கக் கல் பிரித்தார்.

"இத அறுத்தவன் கை சும்மா கை இல்லத்தா" என்றார். "அச்சுல அடிச்சு எடுத்தப்புறம், ஈரம் இழுக்குற பதத்துல எடுத்து, ஓரத்தக் கத்தியால வழிச்சிருக்கான். பாரு, மணல் தரி இந்தப் பக்கம் இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். மற்ற முகங்களில் அச்சு மணலின் சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தது. அந்தப் புடைப்பில் மட்டும் வழவழப்பு.

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் பக்கத்தில் வந்தார். "என்னய்யா, எதுவும் உதிர்ந்திருக்கா?" என்று கேட்டார். "இல்லங்க, உதிரல. யாரு அறுத்ததுன்னு பாக்குறேன்" என்றார் அப்பா. அவர் சிரித்துவிட்டு, "செல் சாமி கட்டுனதுய்யா" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வண்டியில் ஏறின பிறகு, "சாமி படம் போட்டிருப்பாரு. கல்லு அறுத்தது சாமி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். செல் சாமியாரின் பெயரைக் குறைத்துப் பேசவில்லை. தன் நாட்டுக் கோயிலை மனதில் சுமந்துகொண்டு வந்து, இவ்வளவு தூரத்தில், இவ்வளவு வெயிலில், அதை எழுப்பியே தீருவேன் என்று நின்றது பெரிய காரியம். அதே வருடங்களில்தான் மலை மேல் பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருந்தது, 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டாலும், மானாமதுரை வழியாக மண்டபத்துக்குப் பாதை போட்டது 1902-ல். ஆக, கோயில் கட்டும்போது மதுரைக்குக் கிழக்கே எல்லாம் மாட்டு வண்டிதான். ஒரு சுரூபத்தைக் கப்பலில் வரவழைத்து வண்டியில் ஏற்றி வரலாம். ஒரு கோயிலுக்கு வேண்டிய செங்கல்லை வரவழைக்க முடியாது. கல்லும் இங்கேதான் அறுத்திருக்க வேண்டும், சூளையும் இங்கேதான் எரிந்திருக்க வேண்டும். இந்த மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்த ஆள்களைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் அந்த அச்சுகளுக்கு யாரும் அளவு போட்டிருக்க முடியாது. இது என் முடிவு. காளவாசல் வைத்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஆள்களுக்கு இந்தப் பக்கத்தில் என்றைக்குப் பஞ்சம் இருந்தது? பக்கத்தில் மானாமதுரை. அங்கே செய்கிற கடத்தை வாசிக்காத வித்வான் இல்லை. பானை, சட்டி, அகல் எல்லாம் அந்த மண்தான், 2023-ல் அந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிவகங்கைச் சீமை முழுக்க அய்யனார் கோயில்களுக்குப் புரவி எடுப்பார்கள். ஆள் உயரக் குதிரையை, மண்பாண்டம் செய்கிற வேளார் மண்ணில் வனைந்து சுட்டுக் கொடுப்பார்கள். அந்தக் குதிரையைக் கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். உள்ளே கூடு விட்டு, சுவர் ஒரே கனமாக வரும்படி, பகுதி பகுதியாகச் செய்து சேர்க்க வேண்டும். குதிரையின் கழுத்து வளைவையும் கடிவாள மணியையும் சுட்ட மண்ணில் கொண்டுவரத் தெரிந்த கைக்கு, கூர் வளைவின் வரியும் தூண் தலையின் இலையும் ஆகாத வேலையா? இன்னும் பின்னால் போனால் கீழடி. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், விரலால் வரி இழுத்த கூரை ஓடுகள். தண்ணீர் வழிந்தோட ஈர ஓட்டில் விரலை இழுத்த அந்தத் தடம் இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் தெரிகிறது. அந்தக் குழிகளில் இருந்து இடைக்காட்டூர் கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் ஒரே ஆற்றங்கரை, ஒரே வண்டல்.

இடைக்காட்டூருக்குச் செல் சாமி வருவதற்கு முன்பே ஒரு மண்சுவர்க் கதை உண்டு. இடைக்காடர் சித்தர் இந்த ஊர்க்காரர் என்பார்கள். ஆடு மேய்த்த சித்தர். பெரும் பஞ்சம் வரப்போவதை முன்கூட்டியே அறிந்தவர், ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினார். குறுவரகைச் சேற்றில் குழைத்துக் குடிசைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டார். பஞ்சம் வந்தது, ஊர் காலியானது. எருக்கிலை தின்ற ஆடுகள் அரிப்பெடுத்துச் சுவரில் உரசும், வரகு உதிரும். அதை ஆட்டுப்பாலில் காய்ச்சிக் குடித்து அவர் பிழைத்துக் கிடந்தார். ஊரே செத்துக் கிடக்க இவன் எப்படி உயிரோடு இருக்கிறான் என்று நவக்கிரகங்கள் பார்க்க வந்தார்களாம். அவர்களுக்கும் அந்தக் கஞ்சியை ஊற்றினார். உண்ட மயக்கத்தில் அவர்கள் தூங்கின நேரத்தில், மழை வரும்படி கிரகங்களை இடம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டார், மழை கொட்டியது. ஊரில் சிவன் கோயிலில் இன்றும் நவக்கிரக வழிபாட்டுக்குக் கூட்டம் வருகிறது. திருஇருதயக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயும் போய்விட்டுத்தான் பஸ் ஏறுவார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ரெய்ம்ஸ் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய இடம் அது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. வடக்குக் கோபுரத்தில் பழுதுபார்க்கக் கட்டியிருந்த மரச்சாரம் தீப்பிடித்து, கூரை முழுக்க எரிந்து, கூரையின் ஈயம் உருகி வழிந்தது. வாசலில் புகழ்பெற்ற சிரிக்கும் சம்மனசின், அதாவது தேவதூதரின், தலை உடைந்து விழுந்தது. தலையை எடுத்து ஒட்டவைத்தார்கள். கூரையைக் கான்கிரீட் சட்டத்தில் திரும்பக் கட்டி, 1938-ல்தான் கோயிலை முழுசாகத் திறந்தார்கள். அந்த வருடங்களில் எல்லாம் அதன் சாயலில் எழுந்த இந்தச் சின்னக் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. கோடை வெயில், ஐப்பசி மழை, வைகை வெள்ளம் எல்லாம் பார்த்துவிட்டு இடைக்காட்டூர்க் கோயிலின் சம்மனசுகள் இன்னும் சுவரில் நிற்கிறார்கள்.

இனி நிற்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை அதிகம். நான் மதுரையில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவள். பழைய கோயில்களிலும் வீடுகளிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கேடு ஒன்றுதான்: சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவரில் சிமெண்டை வைத்துப் பூசுவது. சுண்ணாம்பு இளகின பொருள். சுவர் வெயிலில் விரிந்தால் அதுவும் கூடப் போகும், ஈரம் ஏறினால் வெளியே விடும். சிமெண்ட் இறுகிப்போய் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு கல்லுக்குள் கட்டி, கல்லின் முகம் பொரிந்து, ஏடு ஏடாகக் கழன்று விழும். இணைப்பில் சிமெண்ட் அடைத்தால் இன்னும் மோசம், விரிசல் விட வேண்டிய கலவை விடாமல் கல் உடையும். சாதாரணக் கல் என்றால் வேறு கல் வாங்கி வைக்கலாம். அச்சுக்கல் உடைந்தால் எங்கே போய் வாங்குவது? சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, புளிக்கவைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பழைய செங்கல் கட்டடம் எதில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஈஸ்டருக்குப் பிறகு நடக்கும் பாஸ்காவுக்குப் போனால் ஊரே ஒன்றாக நின்று ஆண்டவருடைய பாடுகளை நடிப்பதைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் சுவரைப் பார்க்க முடியாது. சாதாரண நாளில், சாய்ந்த வெயிலில் போங்கள். அந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் வரிகளின் குழிவும் புடைப்பும் நன்றாகத் தெரியும். ஒரு வளைவைக் கீழிருந்து உச்சி வரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். எத்தனை கல் சேர்ந்து அந்தக் கூர் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களையும் எண்ணச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அச்சு என்பது மரம். வேலை முடிந்தால் அதை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள், பரணில் போடுவார்கள், இல்லை மாட்டுத் தொழுவத்தில் எதற்காவது முட்டுக் கொடுப்பார்கள். இடைக்காட்டூர், முத்தனேந்தல், திருப்பாச்சேத்தி, மானாமதுரை சுற்றி உங்கள் தாத்தா வீட்டுப் பரணில், நேர்ச்சதுரமாக இல்லாமல், உள்பக்கம் வளைவாகவோ வரி வரியாகவோ வெட்டின பழைய மரச்சட்டம் ஏதாவது கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அளவுநாடாவோடு நானே வந்து பார்க்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி, ஆனால் அதற்கென்றால் அவரும் வண்டியில் ஏறிவிடுவார்.